விமானம் ரத்து, விராலிமலையில் தரிசனம்

 

சூரசம்ஹாரத்துக்கு முந்தின நாள் ராத்திரி, சென்னையில இருந்து தூத்துக்குடி போற ஃப்ளைட் கேன்சல். அப்பா, அம்மா ரெண்டு பேரும் சஷ்டி விரதம். "கார்லயே போயிடலாம், காலையில திருச்செந்தூர்"னு நான்தான் கிளப்பினேன்.

திருச்சி தாண்டினதும் ஒரு நொடி கண் சொக்கிடுச்சு. வண்டி ரோட்டோர வெள்ளைக் கோட்டைத் தாண்டிடுச்சு. "நிறுத்துப்பா. சம்ஹாரம் சாயங்காலம்தானே? முருகன் எங்கேயும் ஓடிப்போயிட மாட்டான்"னாங்க அம்மா. எனக்குக் கோபம்தான். ஆனாலும் விராலிமலை பக்கம் ஒரு பெட்ரோல் பங்க்ல ஓரங்கட்டித் தூங்கினேன்.

மயில் அகவுற சத்தத்துலதான் முழிச்சேன். எதிரே மலை மேல ஆறுமுகன் கோயில். அருணகிரிநாதர் பாடின தலம்! இத்தனை வருஷம் இந்த ரோட்டுல பறந்திருக்கேன். ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்த்ததில்லை.

மாமரமா நின்ன சூரபத்மனை முருகன் வேலால் பிளந்து, மயிலும் சேவலுமா ஏத்துக்கிட்டார். 'எல்லாம் என்னால முடியும்'ங்கிற ஆணவம்தான் சூரன். அன்னைக்கு ஸ்டீயரிங் அவன் கையில இருந்தது. அம்மா சொன்ன ஒரு வார்த்தைதான் எனக்கு வேல்.

சாயங்காலம் மூணு பேரும் திருச்செந்தூர் கடற்கரையில நின்னோம்.

பண்டிகைக்கு ராத்திரி வண்டி ஓட்டுறவங்க, கண் சொருகினா நிறுத்திடுங்க. முருகன் காத்திருப்பான்.

வேலும் மயிலும் துணை! அரோகரா!