கைகூப்பி நிற்கும் மன்னர்

திருமலைத் திருக்கோயிலின் மகாதுவாரத்தைக் கடந்ததும் ஒரு மண்டபத்தில் மூன்று உலோகச் சிலைகள் உள்ளன. நடுவில் விஜயநகரப் பேரரசர் கிருஷ்ணதேவராயர். இருபுறமும் அவருடைய தேவியரான திருமலாதேவியும் சின்னாதேவியும். மூவரும் கைகூப்பிய வண்ணம் நிற்கின்றனர்.

ராயர் 1513 முதல் 1521 வரை ஏழு முறை இம்மலைக்கு வந்தவர். உதயகிரிக் கோட்டையை வென்றவர். ஆனந்த நிலைய விமானத்திற்குப் பொன் வேய்ந்தவர். யானைமீது அமர்ந்த வெற்றி வீரராகத் தம்மை வடிக்கச் செய்திருந்தால் தடுப்பார் யார்? அவரோ, காலமெல்லாம் மக்கள் காணப்போகும் தம் உருவம் தொழுகின்ற உருவமாக இருக்கட்டும் என்று தேர்ந்தார்.

'கோயிலில் தம் சிலையை வைத்ததே அகங்காரம் அல்லவா? தோளில் பெயர் வேறு பொறித்திருக்கிறதே!' என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். தன்னைக் காட்டிக்கொள்ளும் விருப்பம் மன்னரிடமும் இருந்தது என்றே கொள்வோம். ஆயினும் அவ்விருப்பத்தையே இறைவனின் முன் நிறுத்திக் கைகூப்ப வைத்தார். பக்தி சாஸ்திரங்கள் கூறும் 'தாஸோஹம்' என்ற பாவனை இதுவே. அகங்காரம் முற்றும் அழியாதவரை, அது அடியவனின் அகங்காரமாகவேனும் இருக்கட்டும்.

இன்று வாட்ஸ்அப்பிலும் பேஸ்புக்கிலும் நாம் ஒவ்வொருவரும் ஒரு சிறிய வட்டத்திற்குள் நம் உருவத்தைப் பிரதிஷ்டை செய்துள்ளோம். படம் வைப்பதில் தவறில்லை. ஆனால் அதை எத்தனை பேர் விரும்பினர் என்று எண்ணி எண்ணி, எண்ணிக்கை குறைந்தால் உறக்கம் இழக்கும் இளைஞர்களைக் காணும்போது நெஞ்சம் கலங்குகிறது. பிறர் பார்வையில் தான் யார் என்பதே அவர்களுக்குத் தான் யார் என்பதாகிவிட்டது. வேதாந்தம் இதனை அத்யாஸம் என்கிறது: காணப்படும் பொருளைக் காண்பவன் தானென்று மயங்குவது. நாடக நடிகர் அணியும் முகமூடிக்கு லத்தீன் மொழியில் 'பெர்சோனா' என்று பெயர். ஆங்கிலத்தில் மனிதனைக் குறிக்கும் சொல் அதிலிருந்தே பிறந்தது. சிந்திக்கத்தக்க சொல் வரலாறு!

சித்தூருக்கு அருகிலுள்ள காணிப்பாக்கத்தில் விநாயகப் பெருமான் முன் சத்தியப் பிரமாணம் செய்யும் வழக்கம் உண்டு. நம் படத்தைக் காட்டி, 'இது நானே' என்று அச்சந்நிதியில் சொல்ல நம்மில் எத்தனை பேர் துணிவோம்?

திருமலையில் கல்யாணகட்டா என்ற இடம் உள்ளது. அழகென்று போற்றி வளர்த்த கூந்தலை அங்கே ஆடவர், பெண்டிர், குழந்தைகள் அனைவரும் காணிக்கையாக்குகின்றனர். செல்வரும் வறியவரும் ஒரே தோற்றத்துடன் வெளிவருகின்றனர். ஆனால் ஊர் திரும்பியபின் சிலர், முடி வளரும்வரை பழைய படத்தையே வைத்திருக்கின்றனர்! பெருமாளுக்குக் கொடுத்ததை உலகிற்கு மறைப்பானேன்? கொடுத்தது முடியை மட்டும்தானா என்று அவர்கள் தம்மையே கேட்டுக்கொள்வது நல்லது.

கோயிலுக்குள் கைபேசி கொண்டு செல்ல அனுமதியில்லை. அதை வெளியே ஒப்படைத்துவிட்டு வரிசையில் செல்லும் அன்பர்கள், ராயரின் மண்டபம் வரும்போது அந்தக் கூப்பிய கரங்களை ஒரு கணம் நோக்கிவிட்டு மேலே செல்லுங்கள்.