குடித்தவனுக்கு மருந்து

"குடித்துச் செத்தவன் குடும்பத்துக்குப் பத்து லட்சமா?" 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் 60-க்கும் மேற்பட்டவர்களைப் பலிகொண்டபோது, எங்கள் கீரனூர் டீக்கடையிலும் இந்தக் கேள்விதான் அடிபட்டது. பணத்தைப் பற்றி விவாதிக்கலாம், தப்பில்லை. ஆனால் கேட்டவர்களின் குரலில், இரக்கத்தையும் சேர்த்து மறுக்கும் ஒரு கடுமை இருந்தது.

மெத்தனால் உடனே கொல்வதில்லை. ஈரல் அதை ஃபார்மிக் அமிலமாக்கப் பல மணி நேரம் பிடிக்கும். அந்த அமிலம்தான் கண் நரம்பைக் கெடுத்து உயிரையும் பறிக்கிறது. அதற்குள் ஆஸ்பத்திரி சேர்ந்தால் பிழைக்க வழியுண்டு. ஃபோமெபிசோல் என்ற மருந்து இருக்கிறது. அது கிடைக்காத இடத்தில் டாக்டர்கள் அளந்து கொடுப்பது எத்தனால். ஆம், மதுவின் சாரத்தையேதான்! (ஆஸ்பத்திரியில் மட்டும், வீட்டில் பாட்டிலைத் திறப்பது வைத்தியமல்ல.) ஒழுக்கம் பேசுகிறவர்களைப் பார்த்து இயற்கை சிரிக்கிறதோ, என்னவோ!

பார்வை மங்குகிறவன் "குடித்தேன்" என்று வாய் திறக்க வேண்டும். போலீஸுக்குப் பயந்து, தெருவின் ஏச்சுக்குக் கூசி, அவன் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டால் மருந்து இருந்தென்ன? குடிக்காதே என்று சொல்ல வருஷம் முழுதும் நாள் கிடக்கிறது. அன்றிரவு அவன் மனைவி வந்து நம் கதவைத் தட்டினால், "எத்தனை மணிக்கு அம்மா குடித்தார்?" என்று கேட்டுக்கொண்டே 108-க்குப் போன் செய்ய வேண்டும்.