பட்டியலில் இல்லாத பாவம்

வில்லியனூர் லூர்து மாதா கோவில் குளக்கரை. பெரியவர், பாகூர்ப் பக்கத்துப் பங்குகளில் நெடுங்காலம் உபதேசியாராக இருந்தவர். இளையவனுக்கு ஏரிப் பாசனத்தில் கொஞ்சம் நெல், கொஞ்சம் கரும்பு. ஞாயிறு மறைக்கல்வி வகுப்பை எடுக்கும்படி பங்குச் சாமியார் அவனைக் கேட்டிருக்கிறார். நம் மரபில் சீடன் கேட்பான், குரு ஐயம் அறுப்பார், சீடன் தெளிந்து வணங்குவான். இங்கே அவ்வளவு சுத்தமாக நடக்கவில்லை.

சீடன்: ஐயா, வகுப்புக்கு வேறு ஆள் பார்க்கும்படி சாமியாரிடம் நீங்கள்தான் சொல்லவேண்டும்.

குரு: ஏன் தம்பி?

சீடன்: திருச்சபை சொல்வதில் பாதியை நான் கடைப்பிடிப்பதில்லை. பிறகு எந்த முகத்தோடு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது? தங்கை கல்யாணத்துக்கு ராகு காலம் பார்த்தோம். நடவு சமயத்தில் ஞாயிற்றுப் பூசை கிடையாது. பாவசங்கீர்த்தனம் தவக்காலத்தில் ஒருதரம். எல்லாவற்றுக்கும் மேல், இரண்டாவது குழந்தை பிறந்த கையோடு என் மனைவிக்குக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்தாகிவிட்டது. அதை இதுவரை சாமியாரிடம் சொன்னதில்லை.

குரு: ஏன் சொல்லவில்லை?

சீடன்: சொன்னால் மனஸ்தாபப்படவேண்டுமே. எனக்கு வருத்தமே இல்லை. அந்தப் பிரசவத்தில் அவளுக்கு ரத்தம் நிற்கவில்லை ஐயா. இன்னொன்று என்று நினைத்தாலே பயம். வருத்தமில்லாமல் வருந்துகிறேன் என்று சொன்னால் அது இன்னொரு பொய்.

குரு: பொய் சொல்ல மனமில்லாததால் போதிக்கத் தகுதியில்லை என்கிறாய். விசித்திரம்தான். சரி, மேலே சொல்.

சீடன்: மேலே ஒன்றுமில்லை. எல்லாவற்றையும் ஏற்பவன்தான் கத்தோலிக்கன் என்றால், நான் வெளியே போய்விடுவதே நேர்மை.

குரு: அவசரப்படாதே. செய்ய முடியவில்லை, புரியவில்லை, ஒப்பவில்லை. இம்மூன்றையும் ஒரே மூட்டையில் கட்டி வைத்திருக்கிறாய். பூசைக்குப் போகாதது முதல் ரகம். போகவேண்டும் என்று உனக்கே தெரியும், போவதில்லை. அதற்குத் தத்துவம் வேண்டாம், விடியற்காலைப் பூசைக்குப் போ. ராகு காலத்தில் உனக்கு நம்பிக்கை இருக்கிறதா?

சீடன்: இல்லை. சம்பந்தி வீட்டார் கேட்டார்கள்.

குரு: அப்படியானால் அது தைரியக் குறைவு. மிஞ்சுவது ஆபரேஷன் ஒன்றுதான். திருச்சபை ஏன் கூடாது என்கிறது?

சீடன்: ஏன் என்று தெரியாது. கூடாது என்று மட்டும் தெரியும்.

குரு: 1968 ஜூலையில் பாப்பரசர் ஆறாம் பவுல் ஒரு சுற்றுமடல் வெளியிட்டார். அதற்குமுன் ஆராய்ந்த ஆலோசனைக் குழுவில் பெரும்பான்மையோர் தடையைத் தளர்த்தலாம் என்றார்கள். அவர் ஏற்கவில்லை. கணவன் மனைவி கூடுவதில் அன்பும் பிள்ளைப்பேறும் சேர்ந்தே இருக்கின்றன, அவற்றை மனிதன் தன் கையால் பிரிக்கக்கூடாது என்பது அவர் வாதம். அந்த வாதத்தை நீ படிக்காமல் மறுத்தாய். ஏற்பவர்களில் பெரும்பாலோரும் படிக்காமல்தான் ஏற்கிறார்கள். எனக்கு இரண்டு பேரும் ஒன்றுதான்.

சீடன்: படித்தால் மனம் மாறிவிடுமா?

குரு: மாறாமலும் போகலாம். அதே ஆண்டு நவம்பரில் பிரான்சு நாட்டு ஆயர்கள் ஓர் அறிக்கை விட்டார்கள். கருத்தடை ஒழுங்குமீறல்தான், ஆனால் இரண்டு கடமைகள் மோதும் இக்கட்டில் தம்பதியர் செய்வதெல்லாம் குற்றமாகிவிடாது என்ற பொருளில். 1981இல் இரண்டாம் யோவான் பவுல், மனிதன் படிப்படியாகத்தான் வளர்கிறான் என்று ஒத்துக்கொண்டார். ஆனால் ஆளுக்குத் தகுந்தபடி சட்டத்தையே இறக்கி வைக்க முடியாது என்றார்.

சீடன்: படிப்படியாக வளர எனக்கு எங்கே வழி? ஆபரேஷன் ஒருதரம் நடந்தால் நடந்ததுதானே.

குரு: அது மெய். அங்கே என்னிடம் பாதிப் பதில்தான் இருக்கிறது. நடந்ததைத் திருப்பச் சொல்லி யாரும் உன்னைக் கட்டாயப்படுத்தப்போவதில்லை. எந்த மனதோடு செய்தாய் என்பதைத்தான் கடவுள் முன்னால் வைக்கவேண்டும். ஒன்று கேட்கிறேன். அந்த ஆபரேஷனை நீ ஏன் செய்துகொள்ளவில்லை?

சீடன்: நானா?

குரு: ஆணுக்கும் உண்டே, அதுவும் சின்ன ஆபரேஷன். திருச்சபைக் கணக்கில் இரண்டும் ஒன்றுதான். ஆனால் ரத்தம் போய்க் கிடந்தவளையே மறுபடியும் கத்திக்கு அனுப்பினாய். உனக்கு வருத்தம் வரவேண்டிய இடம் ஒருவேளை அதுவாக இருக்கலாம்.

(சீடன் பதில் சொல்லவில்லை. நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் யாரும் கேட்காத கேள்வி அது. பிரசவ வார்டில் தாளை நீட்டும்போதே ஆபரேஷன் யாருக்கு என்பது முடிவாகியிருக்கும்.)

சீடன்: சரி ஐயா. ஆனாலும் சட்டம் என்றால் எல்லோருக்கும் சட்டமாக இருக்கவேண்டாமா? முன்னோர்கள் எல்லாம் முழுசாகக் கடைப்பிடித்தார்களே.

குரு: யார் சொன்னது? 1703 நவம்பரில் பாப்பரசரின் தூதராகத் தூர்னோன் என்பவர் புதுச்சேரியில் வந்திறங்கினார். சீனாவுக்குப் போகிற வழி. உள்நாட்டுப் பங்குகளை நேரில் பார்க்காமலே, அடுத்த ஆண்டு 16 விஷயங்களைக் குறித்து ஓர் ஆணை போட்டுவிட்டுக் கப்பலேறினார். தாலியில் பிள்ளையார் உருவம் கூடாது. கல்யாணத்தில் தேங்காய் உடைக்கக்கூடாது. நெற்றியில் சாம்பல் பூசக்கூடாது. தீட்டென்று பெண்களைக் கோவிலுக்கு வெளியே நிறுத்தக்கூடாது. ஞானஸ்நானத்தில் குரு எச்சில் தொட்டு வைக்கும் சடங்கை விடக்கூடாது.

சீடன்: எச்சிலா?

குரு: ஐரோப்பாவில் அது வழக்கம், நம்மவர்களுக்கு அருவருப்பு. நீ இன்று ஆபரேஷனுக்குத் தவிப்பதுபோல் அன்று குடும்பங்கள் அதற்குத் தவித்தன. இயேசு சபைக் குருக்கள் ரோமாபுரிக்கு மேல்முறையீடு செய்தார்கள். நாற்பது ஆண்டு வழக்கு நடந்தது. 1739இல் இந்த ஆணைக்குக் கீழ்ப்படிவதாக மிஷனரிகள் சத்தியம் செய்து கொடுக்கவேண்டும் என்று ஆனது, 1744இல் பதினான்காம் பெனடிக்ட் இறுதித் தீர்ப்புச் சொன்னார். 1940இல்தான் சத்தியத்தை நீக்கினார்கள். பிரான்சிலிருந்து லூர்து மாதா சுரூபம் 1877இல் இங்கே வந்தபோதும் அந்தச் சத்தியம் அமலில் இருந்தது. கொடியேற்றம், தேர், இந்தக் குளம் எல்லாவற்றையும் தூர்னோன் பார்த்திருந்தால் பதினேழாவது விஷயம் சேர்த்திருப்பார்.

சீடன்: நீங்களே சொல்லிவிட்டீர்கள். இருநூறு ஆண்டு பாவம் என்றார்கள், பிறகு பாவமில்லை என்றார்கள். ஆபரேஷனுக்கும் அப்படி ஒரு 1940 வரும். நான் கொஞ்சம் சீக்கிரம் பிறந்துவிட்டேன், அவ்வளவுதானே?

குரு: (கொஞ்ச நேரம் கழித்து) நல்ல அடி. தேங்காய் உடைப்பது ஊர் வழக்கம், தாம்பத்தியம் மனித இயல்பைத் தொட்டது, இரண்டும் ஒன்றல்ல என்று திருச்சபை சொல்லும். எனக்கும் அது சரியென்றே படுகிறது. ஆனால் 1704இல் தேங்காயும் வெறும் ஊர் வழக்கமாகத் தெரியவில்லையே என்று நீ கேட்டால், நான் பரமார்த்த குருவைப்போல் விழிக்கவேண்டியதுதான். வீரமாமுனிவர் ஒரு பாதிரியாக இருந்துகொண்டே குருமார்களைக் கேலி செய்து அந்தக் கதையை எழுதி வைத்தது நல்லதாகப் போயிற்று. ஒன்று மட்டும் சொல்கிறேன். நாளை மாறிவிடும் என்று எதிர்பார்த்து இன்று மீறுவது மனச்சாட்சியின் வேலை அல்ல, வியாபாரக் கணக்கு. உன் மனச்சாட்சி என்ன சொல்கிறது என்று கேள். ரோமாபுரி எப்போது இறங்கிவரும் என்று பார்க்காதே.

சீடன்: மனச்சாட்சி தப்பாகவும் சொல்லுமே.

குரு: சொல்லும். அதனால்தான் அதற்குப் படிப்புக் கொடுக்கவேண்டியிருக்கிறது. அந்த 16இல் ஒன்றை நான் இன்னும் சொல்லவில்லை. நோயில் கிடக்கும் சேரிக் கிறிஸ்தவனின் வீட்டுக்குள் போய்த் தேவதிரவிய அனுமானம், அதாவது அருட்சாதனம், கொடுக்கக் குருக்கள் மறுக்கக்கூடாது என்றார் தூர்னோன். இந்த ஒன்றில் அவர் செய்தது முழுக்கச் சரி. நம் ஆட்கள் அதிகம் முரண்டியதும் இதில்தான். கடைசியில், சேரி மக்களுக்கென்று தனிக் குருக்களை வைத்துக்கொள்கிறோம் என்று இயேசு சபையார் சொல்ல, 1744 தீர்ப்பு அதை ஏற்றுக்கொண்டது. தேங்காய்க்குத் தடை, சாம்பலுக்குத் தடை, சாதிக்கு மட்டும் ஏற்பாடு.

சீடன்: அதெல்லாம் பழைய காலம் ஐயா.

குரு: அடுத்த ஆண்டே, 1745 அக்டோபரில், புதுச்சேரி சம்பா கோவிலில் சேரிக் கிறிஸ்தவர்களைப் பிரித்து நின்ற சுவரை இடித்த கதையை ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். காரைக்காலிலிருந்து வந்த ஒரு பாதிரியார் அந்தச் சுவரைக் கண்டு கொதித்ததில் தொடங்கியது. பழைய காலம் என்றாயே, 2008 மார்ச்சில் நம் மறைமாவட்டத்து எறையூரில், தலித் கிறிஸ்தவர்கள் தனிப் பங்கு கேட்டதையொட்டிக் கலவரம் மூண்டு, போலீஸ் சுட்டதில் இரண்டு பேர் செத்தார்கள். 2003இலேயே இரண்டாம் யோவான் பவுல் தமிழ்நாட்டு ஆயர்களை நேரில் வைத்துச் சாதிப் பாகுபாட்டைக் கண்டித்துப் பேசியிருந்தார். 2016இல் இந்திய ஆயர் பேரவை தலித் மக்களுக்கென்று ஒரு கொள்கை அறிக்கையே வெளியிட்டது. இதுவும் திருச்சபைப் போதனைதான் தம்பி. சுற்றுமடலுக்கு இருக்கிற கனம் இதற்கு இல்லையா? நீ சொன்ன பட்டியலில் ராகு காலம் இருந்தது, ஆபரேஷன் இருந்தது, நடவு இருந்தது. உங்கள் கல்லறைத் தோட்டம் ஏன் இல்லை?

சீடன்: அது... இரண்டு தோட்டம் இருப்பது எப்போதுமே இருப்பதுதானே. யாரும் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னதாக நான் கேள்விப்படவில்லை.

குரு: நானும் கேள்விப்படவில்லை. நானும் அங்கேதான் மந்திரம் சொல்லி அடக்கம் செய்தேன். ஆபரேஷன் விஷயத்தில் உனக்குத் தூக்கம் போகிறது. போதனை உன்னைத் தொட்டிருக்கிறது என்றுதான் அதற்கு அர்த்தம். ஏற்றாலும் மறுத்தாலும் அது உனக்குள் இருக்கிறது. சாதி விஷயத்தில் உனக்குச் சிரமமே இல்லை.

சீடன்: அப்படியென்றால் ஆபரேஷனை விட்டுவிடலாமா?

குரு: விடச் சொல்லவில்லை. நல்ல சாமியாராகப் பார்த்து, வருத்தமில்லை என்பதையும் சேர்த்துச் சொல். ஒன்றைக் காட்டி இன்னொன்றை மறைக்காதே என்கிறேன். நான் உன் பக்கம் நின்று பேசுவது என் சாதிக் குற்றத்தையும் மறைக்காது.

சீடன்: வகுப்பு?

குரு: எடு. நீ நிற்கும் உயரத்துக்குப் போதனையை வெட்டாதே. போதனையின் உயரத்தில் நிற்பதுபோல் நடிக்கவும் செய்யாதே. வரும் ஞாயிறு என்ன பாடம்?

சீடன்: ஞானஸ்நானம்.

குரு: எத்தனை பிள்ளைகள்?

சீடன்: எங்கள் தெருப் பிள்ளைகள் பன்னிரண்டு பேர். காலனிப் பிள்ளைகளுக்கு அவர்கள் சிற்றாலயத்திலேயே தனி வகுப்பு. ஒரு வசதிக்காக...

குரு: யார் வசதிக்காக?

சீடன்: (தயங்கி) அவர்களை இங்கே வரச் சொல்லலாம். வருவார்களோ மாட்டார்களோ.

குரு: அவர்கள் ஏன் வரவேண்டும்? உன் பன்னிரண்டு பேரை அழைத்துக்கொண்டு நீ அங்கே போ.

சீடன்: வீடுகளில் அனுப்பமாட்டார்கள் ஐயா. எத்தனை பேர் மிஞ்சுவார்கள் தெரியுமா?

குரு: உன் இரண்டு பிள்ளைகள்?

சீடன்: மனைவி அனுப்புவாள். அம்மாதான் விடமாட்டார்கள்.

குரு: சனிக்கிழமை சாயங்காலம் நானும் வீட்டுக்கு வருகிறேன். அம்மாவிடம் சேர்ந்தே பேசுவோம்.