அலையும் படகும்

சீடன்: ஐயா, எஸ்.வி. ராஜதுரை இருத்தலியலைப் பற்றி எழுதி, 1975இல் க்ரியா வெளியிட்ட அறிமுக நூலைப் படித்தேன். மனம் ஒப்பவில்லை. சுதந்திரத்திலிருந்து மனிதன் தப்பவே முடியாது என்று பாரிஸ் காபிக்கடையில் உட்கார்ந்து பிரெஞ்சுத் தத்துவவாதி சார்த்தர் எழுதிவிடலாம். இந்தக் கோவளம் குப்பத்தில் பிறந்தவன் எதைத் தேர்ந்தெடுத்தான்? அப்பன் படகு, அப்பன் வலை, அப்பன் கடன்.

குரு: காபிக்கடை மட்டுமா? 1940இல் ஜெர்மானியரிடம் பிடிபட்டுப் போர்க்கைதி முகாமில் கிடந்தவர் அவர். அவருடைய 'இருப்பும் இன்மையும்' நூல் 1943இல் வந்தபோது பாரிஸ் இன்னும் அவர்கள் பிடியில்தான் இருந்தது. அந்த நூலில் ஒரு பாறை வரும். பெயர்த்துத் தள்ள நினைப்பவனுக்கு அது தடை. மேலேறி ஊரைப் பார்க்க நினைப்பவனுக்கு அதுவே துணை. பாறை வேண்டாம், இந்த அலையை எடுத்துக்கொள். விடியற்காலையில் ஃபைபர் படகை இறக்குகிறவர்கள் இடுப்பளவு தண்ணீரில் அதைப் பிடித்தபடி நிற்பார்கள். பெரிய அலைகள் உடைந்து ஓய்ந்ததும் ஒரே தள்ளு. அவர்களுக்கு அலை தாண்டவேண்டியது. அதே குப்பத்துப் பையன்கள் பலகையோடு அந்த அலைக்கே காத்துக் கிடக்கிறார்கள். 2013இல் இங்கே அலைச்சறுக்குத் திருவிழாவே தொடங்கிவிட்டது.

சீடன்: 2004 டிசம்பர் 26 அன்று சுனாமியாக வந்ததும் அலைதான். பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம், எல்லாம் நீ எடுத்துக்கொள்வதில் இருக்கிறது என்பீர்களா?

குரு: மாட்டேன். அப்படிச் சொல்பவன் மூடன்.







உன் கேள்வியை உனக்கு முன்பே சார்த்தரிடம் கேட்டவர் அவருடைய துணை சிமொன் தெ பொவ்வார். அந்தப்புரத்தில் பூட்டிவைத்த பெண்ணுக்கு என்ன சுதந்திரம் என்று 1940இலேயே வாதாடினார். சார்த்தர் லேசில் இறங்கிவரவில்லை. தன் பழைய வரிகளைப் பார்த்து, இப்படியா எழுதினேன் என்று அவரே வியக்கப் பல ஆண்டுகள் பிடித்தன. இந்த விஷயத்தில் எனக்குப் பொவ்வார்தான் பெரியவர். நம் படகையே பார். அலையைத் தாண்டும் துணிச்சல் ஒருவனுடையதாக இருக்கலாம். தள்ளிவிட நாலு பேர் இல்லாவிட்டால் படகு மணலில்தான் கிடக்கும். ஒருவன் சுதந்திரத்துக்கு மற்றவர்களின் சுதந்திரமும் வேண்டும் என்பது பொவ்வாரின் வாதம். சுனாமியில் படகை இழந்தவனுக்கு, கடலுக்குப் போவதா வேண்டாமா என்று யோசிக்கவே முதலில் ஒரு படகு தேவைப்பட்டது. அது வராதவரை அவனிடம் தேர்வைப் பற்றிப் பேசுவது கேலி. படகுக்காவது நிவாரணம் வந்தது. கூடை சுமந்து தெருத்தெருவாக மீன் விற்றவளின் தொழிலையும் இழப்பாகக் கணக்கெடுத்தவர்கள் குறைவு. என்ன விலை சொல்வது, எந்தத் தெருவுக்குப் போவது, யாருக்குக் கடன் கொடுப்பது என்று நாள்முழுக்கத் தீர்மானிக்கிறவள் அவள். நிவாரணப் பட்டியல் எழுத வந்தவர்களுக்கோ அவள் படகுக்காரனின் மனைவி. பொவ்வார் 1949இல் எழுதிய 'இரண்டாம் பாலினம்' பெண்ணை இன்னொருவனின் மனைவியாக மட்டும் எழுதும் இப்படிப்பட்ட பட்டியலோடுதான் மல்லுக்கு நின்றது.