செய்யலாம் என்றாலும் செய்யார்

ஆண்டாள் நாச்சியார் திருப்பாவையின் இரண்டாம் பாசுரத்தில் நோன்புக்குரிய கிரிசைகளை எண்ணிச் சொல்கிறாள். நெய்யும் பாலும் விலக்கு, மையும் மலரும் விலக்கு, விடியலில் நீராட்டம். இவை பிறர் கண்ணால் கண்டு சரிபார்க்கத்தக்க விதிகள். இவற்றை அடுத்து, தகாதவற்றைச் செய்வதில்லை என்றும் உறுதி கூறுகிறாள். அத்தகாதவை எவை என்று மட்டும் பட்டியலிடவில்லை.

சாஸ்திரம் விலக்கியவை மட்டுமன்று, முன்னோர் அனுஷ்டியாதவையும் தகாதவையே என்பது பெரியோர் காட்டும் பொருள். ஸ்ரீபரதாழ்வானைக் காண்க. கைகேயி பெற்ற வரத்தின்படி நாடு அவனுடையது. சக்கரவர்த்தி விண்ணேறியபின் அமைச்சர்களும், குலகுருவான வசிஷ்டரும் முடிசூடும்படி வேண்டினர். முறை தவறிற்று என்று அவனை வழக்காடுவார் யார்? ஆயினும் மூத்தவன் இருக்க இளையவன் முடிசூடும் வழக்கம் இக்குலத்தில் இல்லை என்று மறுத்தான். சித்திரகூடம் சென்று பாதுகைகளைப் பெற்று, நந்திகிராமத்தில் 14 ஆண்டுகள் தவக்கோலத்தோடு இருந்தான்.

இருபத்தாறாம் பாசுரத்திலும், சங்கும் பறையும் விளக்கும் விதானமும் வேண்டும் ஆய்ச்சியர், மேலோர் செய்துவந்தது என்பதையே ஆதாரமாகக் காட்டுகின்றனர்.

அப்படியானால் ஊரார் செய்வதெல்லாம் சிஷ்டாசாரம் ஆகிவிடுமோ? ஆகாது. தைத்திரீய உபநிடதத்தின் சீக்ஷாவல்லியில், கல்வி முடித்துச் செல்லும் மாணவனுக்கு ஆசாரியன், எங்களிடத்திலும் நல்லொழுக்கமானவற்றையே கைக்கொள், மற்றவற்றை அன்று என்கிறான். ஐயம் வந்தால், ஆராயவல்லவரும் கடுமையற்றவரும் அறத்தில் விருப்பமுள்ளவருமான பெரியோர் நடப்பதுபோல் நட என்கிறான். இங்கே கடுமையற்றவர் என்பதை நாம் விரைவாகக் கடந்துவிடுகிறோம். ஒரு பாகவதரின் பிறப்பை விசாரிப்பது சில இடங்களில் நெடுநாள் வழக்கமாகவே இருக்கலாம். பிள்ளை லோகாசாரியர் ஸ்ரீவசனபூஷணத்தில் அதனைக் கொடிய அபசாரமாகவே வைத்தார். அது எத்தனை தலைமுறை நடந்ததாயினும் மேலோர் வழியன்று.

கடல்கடந்து வாழும் நம்மில் பலர்க்கு விதிகள் நூல்களில் கிடைக்கின்றன. அனுஷ்டானம் கண்ணில் படுவதுதான் அரிது. திருவாராதன முறையை எழுதிவைத்துப் படிக்கலாம். அடியார் ஒருவர் எழுந்தருளினால் எதிர்கொள்ளும் விதத்தை நம் அகத்துக் குழந்தை பார்த்தன்றோ அறியும்? அவர் சென்றபின் அவரைப்பற்றி நாம் பேசுவதும் அதன் செவியில் விழுகிறது. கோள் சொல்லாமையையும் நாச்சியார் அதே பாசுரத்தில்தான் வைத்தருளினாள்.

ஆண்டாள் திருவடிகளே சரணம்.