ஹாட்ஸ்பாட்டும் ஹக்கும்



நம் செய்தி மடலில் ஆலிம்களும் படித்த பெரியவர்களும் எழுதுவதே வழக்கம். நான் அந்த வரிசையைச் சேர்ந்தவனல்லன். மதரஸாவில் ஓதினேன், தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தேன், மிச்சத்தைக் கல்லாவுக்குப் பின்னால் நின்றுதான் கற்றுக்கொண்டேன். ஆயினும் ஒரு விஷயம் சில காலமாக என் மனத்தை அரித்துக் கொண்டிருக்கிறது. வியாபாரிகளாகிய நம்மில் யார் கடையிலும் நடக்கக் கூடியதாகையால் எழுதத் துணிந்தேன். பிழையிருந்தால் பொறுத்துக் கொள்ளவும்.

நமக்குச் சொந்தமான ஒன்றை நாமாக மனமுவந்து ஒருவர் உபயோகத்துக்குக் கொடுக்கிறோம். அவர் விலை கொடுக்கவில்லை. நாமும் இத்தனை நாளைக்கு என்று வாக்குக் கொடுக்கவில்லை. நாளாவட்டத்தில் அவர் அதை நம்பியே தம் காரியங்களை அமைத்துக் கொள்கிறார். பிறகு ஒரு நாள், நமக்குத் தோன்றிய நேரத்தில், ஒரு வார்த்தையும் சொல்லாமல் அதை நிறுத்திக் கொள்ளலாமா? அவருக்கு அதில் ஏதேனும் ஹக் உண்டா, இல்லையா?

நான் சொல்ல வந்த பொருள் குடையோ சைக்கிளோ அல்ல. கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்.

இது பெரும்பாலோர் அறிந்த சமாசாரந்தான். கைப்பேசிக்கு வருகிற இணையத்தை அந்தக் கைப்பேசியே வைஃபையாக்கிச் சுற்றியுள்ள மற்றக் கருவிகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்கிறது. ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் 2010-ஆம் ஆண்டிலும் ஐஃபோனில் 2011-ஆம் ஆண்டிலும் இந்த வசதி வந்தது. வெளியுலகத்துக்குத் தெரிவதெல்லாம் அந்த ஒரு கைப்பேசிதான். அதன் பின்னால் நாலு பேர் இருந்தாலும் நாலு பேருடைய வேலையும் அந்த ஒரு சிம் அட்டையின் கணக்கில்தான் எழுதப்படும். சிம் அட்டையோ நம் அடையாளக் கார்டில் பதிவானது. ஆகவே பாஸ்வேர்டைக் கொடுக்கிறவன் தன் பெயரையும் சேர்த்தே கொடுக்கிறான். இதை நம்மவர்கள் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை.

முதலில் ஒரு கேள்வியைக் கடந்துதான் மற்றதற்குப் போக வேண்டும். கொடுப்பதற்கு அது நம்முடையதுதானா? நான் மாதாமாதம் பணம் கட்டுகிற திட்டத்தில் கைப்பேசியில் பார்ப்பதற்கு அளவில்லை; ஹாட்ஸ்பாட்டுக்கு மட்டும் இத்தனை ஜிபி என்று அளவு உண்டு. அளவில்லை என்பது பெரிய எழுத்தில், அளவு உண்டு என்பது சின்ன எழுத்தில்! அது வேறு வயிற்றெரிச்சல். கைப்பேசிக் கடையிலுள்ள பையன் ஒருவன் எனக்கு ஒரு தந்திரம் சொன்னான். நாம் அனுப்புகிற ஒவ்வொரு செய்திப் பொட்டலத்திலும் ஓர் எண் இருக்குமாம். பெரும்பாலும் 64 என்று புறப்படும். வழியில் ஒரு வாசலைக் கடக்குந்தோறும் ஒன்று குறையும். கைப்பேசியிலிருந்து நேரே போனால் கம்பெனியின் வாசலில் 64. கைப்பேசிக்குப் பின்னாலிருக்கும் இன்னொரு கருவியிலிருந்து போனால் 63. அதை வைத்து இது ஹாட்ஸ்பாட் என்று கண்டுபிடித்து விடுகிறார்கள். பின்னாலுள்ள கருவியில் 65 என்று மாற்றி வைத்துவிட்டால் அங்கே போய்ச் சேரும்போது 64 ஆகிவிடும், ஒருவனும் கேட்க மாட்டான் என்றான். கெட்டிக்காரத்தனந்தான். ஆனால் தராசின் அடித்தட்டில் புளி ஒட்டி வைக்கிற கெட்டிக்காரத்தனமும் இந்த ஜாதிதானே? வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நிபந்தனை பிடிக்கவில்லையென்றால் வேறு திட்டம் வாங்குவதுதான் முறை.

கம்பெனி சொல்வதெல்லாம் நியாயமாகிவிடும் என்றும் நான் சொல்லவில்லை. அமெரிக்காவில் வெரைசன் கம்பெனி, இணையத்தைப் பங்கிட உதவும் செயலிகளைத் தன் வாடிக்கைக்காரர்கள் பெறவொட்டாமல் தடுத்தது பற்றி அந்நாட்டு அரசாங்கத்தின் தொலைத்தொடர்பு ஆணையம் விசாரித்தது. 2012-இல் அக்கம்பெனி 12 லட்சத்து 50 ஆயிரம் டாலர் செலுத்தி விஷயத்தை முடித்துக் கொண்டது. அளவு குறித்து டேட்டா வாங்கியவர்கள் மேற்கொண்டு கட்டணமின்றிப் பங்கிட்டுக் கொள்ளலாம் என்றும் ஆயிற்று. என் புத்திக்கும் அது சரியாகவே படுகிறது. பத்துப் படி அரிசி விலைக்கு வாங்கினவன் அதைத் தன் வீட்டுச் சட்டியில் பொங்கினால் என்ன, அடுத்த வீட்டுச் சட்டியில் பொங்கினால் என்ன? ஆனால் அளவில்லாச் சாப்பாடு என்று உட்கார்ந்தவன் இலையை மடித்து நாலு பேருக்குக் கட்டிக் கொண்டு போவது வேறு.

கேளாமல் எடுப்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சிங்கப்பூரில் 2006-ஆம் ஆண்டு, அண்டை வீட்டாரின் வயர்லெஸ் இணையத்தை அனுமதியில்லாமல் உபயோகித்ததாக 17 வயதுப் பையன் ஒருவன் மீது வழக்குத் தொடுக்கப்பட்டு, 2007 ஜனவரியில் 18 மாத நன்னடத்தைக் கண்காணிப்பு விதிக்கப்பட்டது. காற்றில்தானே வருகிறது, எடுத்தால் குறைந்தா போகும் என்பவர்கள் இதைக் கவனிக்கட்டும்.

என் விஷயம் அதுவன்று. நான் கேட்டு வாங்கியவனல்லன், கொடுத்தவன். கொடுத்தவன் தப்புச் செய்ய முடியுமா என்பதுதான் என் கேள்வி.

பினாங்கில் என் மளிகைக் கடையில் ஒரு பழைய கைப்பேசி கல்லாவை ஒட்டிய லாச்சியின் மேல் எப்போதும் மின்சாரத்தில் செருகியபடி கிடக்கும். அதன் ஹாட்ஸ்பாட்டில்தான் கடையின் டேப்லட் ஓடுகிறது. கியூஆர் மூலம் வாடிக்கைக்காரர்கள் அனுப்பும் பணம் வந்து சேர்ந்ததா என்று பார்ப்பது அதில்தான். மாடியில் இரண்டு சிப்பந்திகள் தங்கியிருக்கிறார்கள். பழைய பலகைத் தளமாகையால் சமிக்ஞை மேலேயும் போகும். ஒருவர் இராமநாதபுரம் பக்கத்துக்காரர். மூன்று வருஷத்துக்கு முன் அவர் வந்த புதிதில் மாதாமாதம் டேட்டாவுக்காகப் பணம் போட்டு வந்தார். "ஏன்யா வீணாக் காசைக் கொட்டுறீங்க? கடை நெட்டு சும்மாதானே கிடக்குது, எடுத்துக்குங்க" என்று பாஸ்வேர்டைச் சொன்னவன் நானேதான். அன்று முதல் அவர் பணம் போடுவதை நிறுத்தினார். இஷா தொழுதுவிட்டு மாடிக்குப் போய்த் தம் தாயாருடன் முகம் பார்த்துப் பேசுவார். அந்தச் சத்தம் கீழே கேட்கும்போது எனக்கும் மனத்துக்கு நிறைவாக இருக்கும். நாம் கொடுத்தது ஒரு நல்ல காரியத்துக்குப் பயன்படுகிறதென்ற நிறைவு. அதில் கொஞ்சம் பெருமையும் கலந்திருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

2024-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து கடையில் கூட்டம். ஒரு அம்மாள் பணம் அனுப்பிவிட்டேன் என்கிறார். டேப்லட்டில் அறிவிப்பு வரவில்லை. வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பின்னால் நாலு பேர் நிற்கிறார்கள். அந்த அம்மாளை நம்பாததுபோல் நான் விழித்துக்கொண்டு நின்றது எனக்கே அவமானமாக இருந்தது. ஹாட்ஸ்பாட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்த்தால் ஆறு கருவிகள்! அடுத்த கடைப் பையன்கூட அதில் இருந்தான். பிறகு விசாரித்ததில் தெரிந்தது, யாரும் படம் பார்த்துக் கொண்டிருக்கவில்லை. கைப்பேசிகளுக்கு வைஃபை என்றால் இலவசம் என்ற நினைப்பு. செயலிகளின் புதுப் பதிப்பையும் சேர்த்து வைத்த புகைப்படங்களையும் தாமாகவே ஏற்றி இறக்கிக் கொள்ளும். அந்த வைஃபையை மீட்டர் உள்ள இணைப்பாகக் குறித்து வைத்திருந்தால் பெரும்பாலும் அடங்கியிருக்கும். அன்று எனக்கு அது தெரியாது. கோபத்தில் பாஸ்வேர்டை மாற்றினேன். யாரிடமும் சொல்லவில்லை. இரவு பத்து மணிக்குக் கடையைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

அன்றிரவு நம் நேரம் ஒரு மணி, ஊரில் பத்தரை. அவருடைய தாயாருக்கு நெஞ்சடைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். அந்த அம்மாள் மகன் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார். தம்பி வாட்ஸாப்பில் பதினொரு தடவை கூப்பிட்டிருக்கிறார். இவருடைய கைப்பேசியோ மாடியில் தலைமாட்டில் ஊமையாகக் கிடந்தது. நம் நேரம் நாலரைக்கு அந்த அம்மாள் மவுத்தாகிவிட்டார்கள். சுபுஹுக்குப் பள்ளிவாசல் போன இடத்தில் ஊர்க்காரர் ஒருவர் சொல்லித்தான் இவருக்குத் தெரிந்தது. இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

காலை ஒன்பது மணிக்கு நான் போனபோது கடை திறந்திருந்தது. இவர் மிளகாய் மூட்டையைப் பிரித்துக் கொண்டிருந்தார். விஷயம் தெரிந்து நான் தட்டுத் தடுமாறிப் பேசினேன். "பாஸ்வேர்டை மாத்தினதைச் சொல்லியிருக்கணும்" என்றேன். அவர் நிமிர்ந்து பார்க்காமல், "உங்க நெட்டுதானே முதலாளி" என்றார். அதில் கோபமில்லை. கோபம் இருந்திருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

இதைச் சங்கத்தில் மூத்தவர் ஒருவரிடம் சொன்னேன். அவர், "தம்பி, நீர் மனசைப் போட்டு உழப்ப வேண்டாம். மவுத்து அல்லாஹ்வின் கையில் உள்ளது. செய்த உதவியெல்லாம் கடனாக மாறிவிடும் என்றால் நாளைக்கு ஒருவனும் ஒருவனுக்கும் உதவ மாட்டான்" என்றார். இது சாதாரணமான வாதமன்று. நாலைந்து நாள் அதையே பிடித்துக் கொண்டு நிம்மதியாக இருக்கப் பார்த்தேன். நம் கிதாபுகளில் கிணற்றுக்காரன் தன் தேவைக்கு மேற்பட்ட தண்ணீரைத் தடுக்கலாகாது என்று ஓதியிருக்கிறோம். ஆனால் அன்றைக்கு எனக்கு மிச்சமே இல்லையே, கடைக்கே போதவில்லையே என்றும் எனக்குச் சாதகமாக நினைத்துக் கொண்டேன்.

ஆனால் நம் வியாபாரத்தையே எடுத்துக் கொள்ளுங்கள். ஐந்தடியில் பலகாரம் போடுகிறவருக்கு ஐந்து வருஷமாக மாவும் எண்ணெயும் கடனாகக் கொடுக்கிறோம். எழுத்தில்லை, வாக்குமில்லை. ஒரு நாள் நிறுத்த நினைக்கிறோம். நிறுத்த நமக்கு முழு உரிமை உண்டு. ஆயினும், "வருகிற மாதம் முதல் கைக்காசுதான்" என்று முன்கூட்டிச் சொல்கிறோமல்லவா? விடியற்காலையில் அவர் அடுப்பை மூட்டிவிட்டு வந்து நிற்கும்போது கையை விரிக்கிற முதலாளியை நாம் என்னவென்று பேசுவோம்? அந்த மாவு அவருடைய ஹக் அன்று. அந்தச் சொல் அவருடைய ஹக். பெரியவர் இரண்டையும் ஒன்றாகப் போட்டுப் பேசினார் என்று எனக்குப் பிறகுதான் பட்டது. இணையத்தை நான் கொடுத்தே தீரவேண்டும் என்பதில்லை. மாற்றிவிட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். அதற்கு ஒரு காசும் செலவில்லை.

கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனே என்று இன்னொரு சமாதானம். இதை எனக்கு நானே எத்தனை தடவை சொல்லிக் கொண்டேன் என்று கணக்கில்லை. பணம் கொடுத்து வாங்கியவன் வாயைத் திறந்து கேட்பான். கம்பெனியில் இணைப்பு நின்றால் நான் உடனே கூப்பிட்டுச் சத்தம் போடுகிறேனே! சும்மா வாங்கியவன் எந்த வாயால் கேட்பான்? அதிலும் முதலாளி பகலெல்லாம் முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்த நாளில்! கேட்க முடியாத இடத்தில் ஒருவரை வைத்துவிட்டு, அவர் கேட்கவில்லை என்று குற்றம் சொல்வது நியாயமா? விலை வாங்காதவனுக்குப் பொறுப்புக் குறைவு என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். இப்போது அப்படி நினைக்க முடியவில்லை.

பத்து வெள்ளி போட்டுத் தனியாக டேட்டா வைத்திருக்கலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். வைத்திருந்தார். வீண் செலவு என்று நிறுத்தச் சொன்னவன் யார்? அதற்கு என்னிடம் பதிலில்லை.

புதிய பாஸ்வேர்டை இப்போது ஒரு அட்டையில் எழுதி மாடிப்படிக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். மாற்றுவதானால் மூன்று நாள் முன்பே சொல்லிவிடுகிறேன். அவருக்கு என் செலவில் தனித் திட்டம் போட்டுத் தருவதாகச் சொன்னேன், வேண்டாம் என்றுவிட்டார். தாயாரின் மூன்றாம் நாள் பாத்திஹா ஓதிய அன்று சாயந்திரமே தம் சம்பளத்திலிருந்து பணம் போட்டுக் கொண்டார். வேலையில் குறையில்லை. முன்போலவே பேசுகிறார், சிரிக்கிறார். இரவில் மாடியில் பேச்சுச் சத்தம் கேட்கிறது, தம்பியோடு பேசுகிறார் போலும். கடையைப் பூட்டுமுன் ஹாட்ஸ்பாட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று ஒருமுறை பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. டேப்லட் இருக்கும், இன்னொரு சிப்பந்தியின் கைப்பேசி இருக்கும், சில நாள் அடுத்த கடைப் பையனுடையதும் இருக்கும். இவருடைய கைப்பேசியின் பெயர் அதில் வருவதில்லை.