மலர வேண்டிய வேளை

எழுத்தாளனாவதற்கு முன் ஒரு வருஷம் நான் உபாத்தியாயராக இருந்தேன் என்றால் நண்பர்கள் நம்புவதில்லை. நம்பாமல் இருப்பதும் நல்லதுதான். அந்த வருஷத்தைப் பற்றிப் பெருமைப்பட என்னிடம் ஒன்றும் இல்லை.

ஊர் காயல்பட்டினம். அரபு நாடுகளோடு பல நூற்றாண்டுகள் வாணிபம் செய்த ஊர். தமிழையே அரபு எழுத்தில் எழுதிப் படித்த ஊர். பிள்ளைகள் விடியற்காலையில் ஓதிவிட்டுப் பள்ளிக்கு வருவார்கள். அங்கே எழுத்து வலப்பக்கமிருந்து வரும். என் வகுப்பில் இடப்பக்கமிருந்து.

ஒருநாள் கூட்டல் கணக்கு. ஒரு பையன் எழுந்து, "சார், தமிழ் இந்தப் பக்கமிருந்து எழுதுறோம். கூட்டல் மட்டும் ஏன் அந்தப் பக்கமிருந்து தொடங்குறோம்?" என்று கேட்டான்.

அன்று காலை எனக்கும் வீட்டுக்காரருக்கும் வாடகைத் தகராறு. தவிரவும், அவன் கேட்டதற்கு எனக்குப் பதில் தெரியாது. இரண்டில் எது பெரிய காரணம் என்று இன்றுவரை தீர்மானிக்க முடியவில்லை. "இதுகூடத் தெரியாமல் மூணாங் கிளாஸுக்கு எப்படிடா வந்தே?" என்றேன். வகுப்பு சிரித்தது. என் சாமர்த்தியத்தை மெச்சி நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு அவன் எதுவுமே கேட்கவில்லை. வருஷக் கடைசியில் 'அடக்கமான பையன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஒன்றுகளைக் கூட்டிப் பத்தைத் தாண்டினால், அந்தப் பத்து இடப்பக்கத்து வீட்டுக்குப் போக வேண்டும். ஆகையால் வலக்கோடியில் தொடங்குகிறோம். அவ்வளவுதான், இரண்டு நிமிஷ விஷயம். நம் நாட்டு எண்கள் அரபு நாடுகள் வழியாகத்தான் மேற்கே போயின என்பதையும் சேர்த்துச் சொல்லியிருந்தால் அந்தப் பையன் எவ்வளவு பூரித்திருப்பான்!

13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலில் ஆகாத ஆசிரியருக்குச் சொன்ன உவமைகளில் ஒன்று மடற்பனை. பரீட்சைக்காக அதை உருப்போட்டவன் நான். பனங்காட்டுச் சீமையில் குடியிருந்தும் அர்த்தம் உறைக்கவில்லை. மட்டை கழிக்காத பனையில் ஏறினால் கருக்கு உடம்பை அறுத்துவிடும்; தானாக விழுந்த பழத்தைப் பொறுக்கிக்கொள்ள வேண்டியதுதான். மரத்தில் பழம் இல்லை என்று யார் சொன்னார்கள்? (என் மரத்தில் அதுவும் கொஞ்சம்தான்.)

நல்லாசிரியருக்கு அவர் சொன்ன உவமைகளில் மலரும் உண்டு. வேளை வந்ததும் முகம் மலர வேண்டுமாம். இதுதான் என்னை வெகுநாள் உறுத்தியது. வீட்டில் துக்கத்தை வைத்துக்கொண்டு வகுப்பில் மலர்வது பொய் அல்லவா? உள்ளதை உள்ளபடி காட்டுவதில் எங்கள் ஜாதிக்கு, அதாவது கதை எழுதுகிறவர்களுக்கு, ஒரு மோகம் உண்டு. ஆனால் அன்று நான் காட்டியது என் உண்மையான முகம். அந்த உண்மையால் பையனுக்கு என்ன லாபம்? என் வாடகைத் தகராறுக்கு அவனல்லவா வட்டி கட்டினான்! சம்பளம் கொடுத்ததே அந்தப் 'பொய்'க்காகத்தான் என்று இப்போது தோன்றுகிறது.

2009ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு அடிப்பதையும் மனத்தை நோகடிப்பதையும் தடுக்கிறது. நல்ல சட்டம். ஏளனம் செய்யாதே என்று அது எனக்கு உத்தரவு போடலாம். ஒரு கேள்வியைக் கண்டு சந்தோஷப்படு என்று எப்படி உத்தரவு போடும்?

போன வருஷம் காயல்பட்டினம் போயிருந்தேன். அந்தப் பையன் இப்போது கடை வைத்திருக்கிறார். அவர்தான் முதலில் அடையாளம் கண்டு, "வாங்க சார்!" என்றார். பழைய கதையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

"அப்படியா கேட்டேன்? ஞாபகமே இல்லையே சார்" என்று சிரித்து, டீ வாங்கிவரச் சொன்னார்.

வாடிக்கைக்காரருக்குக் காட்டும் முகமா, என் மாணவனின் முகமா என்று கடைசிவரை எனக்குப் பிடிபடவில்லை. வாங்கிய சாமான்களுக்கு ஒரு துண்டுக் காகிதத்தில் கணக்குப் போட்டுக் கொடுத்தார். பென்சில் வலக்கோடியில்தான் தொடங்கிற்று.